மதுரை வெயிலில் மலையுச்சிப் பூக்கள்: எந்த வழி எடுபடும்?

ஆல்ப்ஸிலும் இமயமலையிலும் மரம் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே சில செடிகள் உண்டு. பாறை இடுக்கில் ஒரு சாண்கூட எழும்பாமல், இலை மறையும் அளவுக்குப் பூத்துக் கிடக்கும். நீல ஜென்ஷியன், சாக்ஸிஃப்ரேஜ், எடல்வைஸ், பிரிமுலா என்று பட்டியல் நீளம். எல்லாம் பல்லாண்டுச் செடிகள். பாதி வருஷம் பனிக்கு அடியில் உறங்கிவிட்டு, கிடைக்கிற குறுகிய கோடைக்குள் பூத்து விதைத்து முடித்துவிடும். ஆல்பைன் செடிகள் என்று சொல்வது இவற்றைத்தான்.

படம் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம். வாசலில் பத்துக்குப் பத்து இடம் கிடக்கிறது, கல் அடுக்கி இந்த மாதிரி ஒன்று போட்டால் என்ன என்று மதுரையில் இருந்துகொண்டே கேட்பவர்கள் இருக்கிறார்கள். வழிகள் ஐந்து. அசல் செடியை இங்கேயே வளர்க்கப் பார்ப்பது, குளிர்காலத்துக்கு மட்டும் தொட்டியில் வைத்துக்கொள்வது, கொடைக்கானலில் இடம் பார்ப்பது, கல் பாத்தி போட்டு வெயில் தாங்கும் குட்டைச் செடிகளை வைப்பது, நம் கரட்டுக் காட்டுச் செடிகளையே வைப்பது. என் கட்சி கடைசி இரண்டும் கலந்தது. ஆல்பைன் செடியை மறந்துவிட்டு, அதை வளர்க்கிற கல் தோட்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஏன் என்பதற்கு மற்ற மூன்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அசல் செடியை மதுரையிலேயே வளர்ப்பது

எல்லோரும் பகல் வெயில்மேல் பழி போடுவார்கள். 40 டிகிரியில் குளிர்தேசத்துச் செடி எப்படித் தாங்கும் என்பார்கள். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் மலையுச்சியிலும் பகல் வெயில் சுள்ளென்றுதான் அடிக்கும், பாறை அங்கேயும் சுடும். தவிர, பகலுக்கு நிழல்வலை கட்டலாம், கிழக்குப் பக்கம் நகர்த்தி வைக்கலாம். ராத்திரிக்கு எதைக் கட்டுவது?

மே மாதத்தில் மதுரையில் விடியற்காலைகூடச் சராசரியாக 26 டிகிரியில்தான் விடிகிறது. மார்கழி, தையிலேயே 20, 21 தான். ஆல்ப்ஸில் 2,000 மீட்டருக்கு மேலே ஜூலை மாத ராத்திரி 5 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலில் இலை சம்பாதிக்கிற மாவுச்சத்தைச் செடி ராத்திரியில் சுவாசித்துச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர்ந்த ராத்திரிக்கென்று அமைந்த செடி இங்கே வந்தால் வரவைவிடச் செலவு மிஞ்சி, சேமிப்பைத் தின்று, சில வாரங்களில் வெளிறிப் போய்விடும். நீங்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள். சூடான மண்ணில் ஈரம் தேங்கினால் வேரில் பூஞ்சை ஏறும். அத்தோடு முடிந்தது.

அப்படியே உயிரோடு இருந்தாலும் பூக்க வேண்டுமே. இவற்றில் பலவற்றுக்குப் பல வாரம் கடுங்குளிர் பட்டால்தான் மொட்டு வைக்கும் எண்ணமே வரும். சிலவற்றுக்கு நீண்ட பகலும் வேண்டும். ஆல்ப்ஸில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம். மதுரையில் வருஷத்தின் நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. ஆக, குளிரும் இல்லை, பகல் நீளமும் இல்லை.

விதை வாங்கி ஈர மணலோடு பிரிட்ஜில் 4 டிகிரியில் ஆறு வாரம் வைத்தால் பல ரகங்கள் முளைத்துவிடும், அது உண்மை. முளைத்ததைப் பார்த்து நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. பிரிட்ஜ் விதைக்குக் குளிர்காலம் கொடுத்தது. செடிக்கு வருஷா வருஷம் யார் கொடுப்பது?

லண்டன் கியூ தோட்டத்தில் இந்தச் செடிகளுக்கென்றே ஒரு கண்ணாடி வீடு கட்டியிருக்கிறார்கள், 2006இல் திறந்தது. கண்ணாடி வீடு என்றால் சூடேற்றத்தானே என்று தோன்றும். இது குளிர்விக்கிற வீடு. தரைக்கு அடியில் கான்கிரீட்டில் வளைந்து வளைந்து போகும் சுரங்கப் பாதைகள் அமைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்தி, குளிர்ந்த காற்றைச் செடிகளுக்கு விடுகிறார்கள். லண்டன் கோடைக்கே இந்தப் பாடு என்றால் கத்திரி வெயிலுக்கு என்ன செய்யப் போகிறோம்? கண்ணாடிக் கதவு பிரிட்ஜ், உள்ளே எல்இடி விளக்கு என்று ஒரு வழி இருக்கிறது. செய்யலாம். ஆனால் அதற்குப் பெயர் தோட்டம் இல்லை, மின்வெட்டுக்குப் பயந்து வாழும் மீன்தொட்டி.

விதை வாங்குபவர்களுக்கு ஒன்று. எடல்வைஸ் விதை, பிரம்ம கமலம் விதை என்று ஆன்லைனில் விற்பதை நம்பிப் பணம் போடாதீர்கள். இமயமலையின் பிரம்ம கமலம் 3,000 மீட்டருக்கு மேலே வளரும் அசல் ஆல்பைன். நம் ஊர் வீடுகளில் பிரம்ம கமலம் என்ற பெயரிலேயே ராத்திரி பூத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வைக்கும் நிஷாகந்தி வேறு, அது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி வகை. அது இங்கே நிழலில் தாராளமாக வரும், இலையை நட்டாலே போதும், விதையே தேவையில்லை.

குளிர்காலத்துக்கு மட்டும் தொட்டி

ஐப்பசி மழை ஓய்ந்ததும் நர்சரிகளில் டயாந்தஸ், பெட்டூனியா, அலிசம், வெர்பெனா, பேன்சி எல்லாம் வந்து இறங்கும். டயாந்தஸ் குடும்பத்தில் அசல் மலைச் செடிகளும் உண்டு என்பதால் தோற்றத்தில் கொஞ்சம் கிட்டே வரும். மார்கழி, தை முழுக்கப் பூக்கும், மாசியில் சோர்ந்துபோகும், பங்குனியில் தூக்கிப் போட வேண்டியதுதான். பேன்சி அதுவரைகூடத் தாங்காது.

பொங்கலுக்கு வாசல் நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்றால் இது நல்ல வழி. வேலை குறைவு, பலன் உடனே. ஆனால் பல்லாண்டுச் செடி வேண்டும் என்று ஆரம்பித்தவர் வருஷா வருஷம் புதிதாக வாங்கிக்கொண்டிருப்பார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய்விட்டு வரும்போது காரில் ஜெரேனியம், பிகோனியா தொட்டிகளை அடுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஜெரேனியம் மட்டும் நிழலில் சிலசமயம் ஒரு கோடையைக் கடக்கும்.

கொடைக்கானலில் ஒரு துண்டு இடம்

மலையில் வீடோ, சொந்தக்காரர் தோட்டமோ இருப்பவர்களுக்கான வழி இது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. மதுரையில் 38 அடிக்கும் நாளில் அங்கே 20ஐச் சற்றுத் தாண்டினால் அதிகம். குளிர்கால ராத்திரியில் 8, 9க்கு இறங்கும், சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். வன அதிகாரி பிரயண்ட் பெயரில் இருக்கும் பூங்கா 1908இல் தொடங்கியது. குளிர்தேசத்துப் பூக்கள் அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக வளர்ந்துவருகின்றன என்பதே போதுமான சாட்சி.

ஆனாலும் கொடைக்கானல் ஆல்ப்ஸ் ஆகிவிடாது. பனிப்போர்வை கிடையாது. செடிக்கு முழு உறக்கமும் கிடையாது. மழையோ இரண்டு பருவத்திலும் பெய்து, ஐப்பசி, கார்த்திகையில் உச்சத்துக்குப் போகும். பாறை இடுக்கில் மெத்தைபோல வளரும் சுத்த ஆல்பைன்கள் குளிரைத் தாங்கும், ஈரக் குளிரைத் தாங்காது, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் அழுகும். மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மழையை மறைத்தால் சிலவற்றைக் காப்பாற்றலாம். பிரிமுலா, டயாந்தஸ், வயோலா, கம்பானுலா மாதிரியான நடுமலைச் செடிகள் பிரச்சினை செய்யாது. கல் சுவர் இடுக்குகளில் தானாகவே முளைத்து வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் குட்டி டெய்சி ஒன்று அங்கே உண்டு, மெக்சிகோவிலிருந்து வந்து ஊர் வாசி ஆகிவிட்ட எரிஜெரான். பார்வைக்கு அதுவே பாதி ஆல்பைன் தோட்டம். ஆனால் தானாகப் பரவும் வகை, சோலைக் காட்டுப் பக்கம் போகவிடக் கூடாது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் உச்சிப் புல்வெளிகளிலேயே ஜென்ஷியன் இனத்துச் சின்ன நீலப்பூச் செடி ஒன்று இயற்கையாக இருக்கிறது, தரையோடு தரையாக. அதைப் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பிடுங்கக் கூடாது. குறிஞ்சியையும் கேட்பார்கள். நீலக்குறிஞ்சி பல்லாண்டுப் புதர்தான், ஆனால் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்துச் செத்துப்போகும். கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018, அடுத்தது 2030. கல் தோட்டத்துக்கு ஆகிற செடி இல்லை.

பெரிய சிக்கல் செடியில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி 120 கிலோமீட்டர் போக வேண்டும். வாரம் ஒருமுறை போவோம் என்று ஆரம்பித்து மாதம் ஒருமுறை ஆகும். இடையில் களை ஏறும், காட்டுமாடு உள்ளே வந்து நடந்துவிட்டுப் போகும், அது கொடைக்கானலில் தெருவிலேயே நடமாடும் பிராணி. அங்கேயே இருந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும் இந்த வழி. சிறுமலை பக்கம்தானே என்பவர்களுக்கு: அங்கே மக்கள் குடியிருக்கும் பகுதி 1,000 மீட்டர் சுற்றிலும்தான். கீழே இருப்பதைவிட 6 டிகிரி குறையும். பிகோனியாவுக்குச் சுகம், ஜென்ஷியனுக்குப் போதாது.

கல் பாத்தியும் வெயில் தாங்கும் குட்டைச் செடிகளும்

இனி என் வழி. ஆல்பைன் தோட்டத்தின் அழகில் பாதி அதன் கல்லில் இருக்கிறது, மீதி செடியின் குட்டை உருவத்திலும் நெருக்கமான பூவிலும். இந்த மூன்றும் மதுரையில் கிடைக்கும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல் பாத்தியின் முதல் வேலையே வடிகால். ஆல்பைன் செடியின் வேரில் ஈரம் தேங்காமல் இருக்க உருவான முறை, ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை கொட்டும் நம் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. வருஷ மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் நமக்கு விழுகிறது. வெயிலில் பிழைத்த செடி கார்த்திகையில் அழுகிச் சாவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இடம் கிழக்கு முகமாக இருக்கட்டும். காலை வெயில் முழுசாக, மதியம் மூன்று மணிக்கு மேல் கட்டிட நிழல். மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டால் கல்லும் சுவரும் சேர்ந்து ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும். தரைக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி உயர்த்தி, ஒரு பக்கம் சரிவாக அமைக்க வேண்டும். அடியில் அரை அடி உடைகல் அல்லது செங்கல் துண்டு. அதன்மேல் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, 6 மில்லிமீட்டர் சிப்ஸ் ஜல்லி ஒரு பங்கு, கொஞ்சம் மண்புழு உரம். எம்-சாண்ட் போடுவதானால் அலசிவிட்டுப் போடுங்கள், அதிலிருக்கும் தூள் ஈரத்தில் இறுகித் தண்ணீரை நிறுத்திவிடும். கரிசல் மண் இதற்கு ஆகவே ஆகாது. தென்னைநார்க் கழிவை அள்ளிப் போடச் சொல்வார்கள், வேண்டாம். மாடித் தொட்டிக்கு நல்ல பொருள்தான், இந்தப் பாத்திக்கு மழைக்காலத்தில் எதிரி.

கல்லுக்கு மேலூர்ப் பக்கம் போனால் கிரானைட் கழிவுத் துண்டு கிடைக்கும். பாலிஷ் போட்ட துண்டு, கறுப்புக் கல் இரண்டையும் தவிர்த்துவிட்டு, வெளிறிய நிறத்தில் கரடான கல்லாகப் பொறுக்க வேண்டும். ஒரே வகைக் கல்லாக இருந்தால்தான் பாறை வெடித்துக் கிளம்பிய மாதிரி இருக்கும். கல்லை மண்மேல் வைக்காமல் பாதிக்கு மேல் புதைத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்து வையுங்கள். யானைமலையையோ அரிட்டாபட்டிக் குன்றுகளையோ ஒருமுறை நின்று பார்த்தால் கல் எப்படிப் படுத்திருக்கும் என்பது பிடிபட்டுவிடும். நட்டு முடித்ததும் மேலே ஒரு அங்குலத்துக்குச் சிப்ஸ் ஜல்லி பரப்ப வேண்டும். செடியின் கழுத்து உலர்ந்திருக்கும், மண் தெறிக்காது, களையும் குறையும்.

செடிகளில் முதல் இடம் ரெயின் லில்லிக்கு. வெங்காயம் மாதிரிக் கிழங்கு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ரகங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு கோடைமழை பெய்துவிட்டால் மூன்று நாலு நாளில் பாத்தி முழுக்கப் பூவாக நிற்கும். நாம் ஊற்றுகிற போர் தண்ணீருக்கு அப்படிப் பூக்காது, மழைக்குத்தான். பனி உருகியதும் கூட்டமாகப் பூக்கும் மலைச்செடிகளின் அந்தத் திடீர்த்தனம் இதில் மட்டும்தான் கிடைக்கிறது. கிழங்கு விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

அடுத்து பத்துமணிப்பூ. டேபிள் ரோஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கணக்குப்படி ஒருவருஷச் செடிதான். ஆனால் மழைக்கு முன்னால் நாலு துண்டு கிள்ளி ஒதுக்கி வைத்தால் என்றைக்கும் இருக்கும். விலை கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும், அப்புறம் தெருவுக்கே நீங்கள்தான் சப்ளை. மெத்தைபோலப் படர்ந்து நிறம் காட்டுவதில் ஆல்பைனுக்குச் சற்றும் குறைவில்லை. நீல நிறத்துக்கு எவால்வுலஸ், இது பிரேசில்காரர், வெயிலில் சலிக்காமல் பூக்கும். ஊதாவுக்குக் கூஃபியா, குட்டை ருயெல்லியா. கூஃபியாவுக்கு மட்டும் கோடையில் தண்ணீர் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நித்திய கல்யாணியைப் பலர் மதிப்பதில்லை. கல் இடுக்கில் விதை விழுந்து வளர்ந்தால் குட்டையாக, இறுக்கமாக, தொட்டியில் வளர்ந்த அதே செடியா என்று கேட்கும்படி இருக்கும்.

அடீனியத்தை உச்சியில் ஒன்றே ஒன்று வைக்கலாம். பருத்த அடிமரமும் பாறையும் சேர்ந்தால் கண் அங்கேதான் போகும். மழை மாதங்களில் அதற்கு நீங்கள் ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை. கலஞ்சோவை நிழல் விழும் ஓரத்தில் வையுங்கள். ராத்திரி நீளும்போதுதான் மொட்டு வைக்கும் செடி அது, தையில் பூக்கும். வாசல் விளக்கு விடிய விடிய எரியும் இடத்தில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று நர்சரிக்காரரைத் திட்டக் கூடாது.

மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் உங்கள் வீட்டிலும் அதுதான். மேலே சொன்ன செடிகளில் பத்துமணி, நித்திய கல்யாணி, அடீனியம் மூன்றும் அதை அதிகம் பொருட்படுத்தாது. மற்றவற்றுக்கு மழை வந்து உப்பைக் கழுவ வேண்டும், அதற்கும் வடிகால்தான் வழி.

கரட்டுக் காட்டுச் செடிகள்

நாகமலை, அழகர்மலைச் சரிவுகளிலும் கரட்டு நிலங்களிலும் வளரும் சில செடிகளைப் பார்த்தால், ஆல்பைன் செடி செய்கிற அதே வேலையை வறட்சிக்காகச் செய்துகொண்டிருப்பது தெரியும். விஷ்ணுகிராந்தி தரையோடு படரும், இலையெல்லாம் பட்டு ரோமம், அடியில் கட்டை வேர். காலையில் விரியும் நீலப்பூ, ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. எடல்வைஸ் உடம்பெல்லாம் ரோமம் போர்த்தியிருப்பதும் ஈரம் போகாமல் இருக்கத்தான். ஓரிதழ்த்தாமரை வயோலா குடும்பம். ஒரே ஒரு பெரிய இளஞ்சிவப்பு இதழ், பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். சிவனார் வேம்பு குட்டைப் புதராகப் படுத்துச் சிவந்த பூ பூக்கும். கல்லுமுளையான் சதைப்பற்றுள்ள தண்டோடு பாறை ஓரத்தில் நிற்கும், பூவின் அழகை ரசிக்கலாம், மணத்தை எதிர்பார்க்க வேண்டாம், அது ஈக்களுக்கானது.

இவற்றை நட்டுப் பிழைக்க வைத்துவிட்டால் வேலையே இல்லை. ஆனால் பூ சின்னது, தூரத்திலிருந்து பாத்தி காலியாகத்தான் தெரியும், விருந்தாளி பாராட்ட மாட்டார். நர்சரியிலும் எளிதில் கிடைக்காது. நாட்டு மருந்துச் செடி விற்பவர்களிடம் கேட்கலாம். சொந்த நிலத்திலோ தெரிந்தவர் புஞ்சையிலோ விதை சேகரிக்கலாம். வேரோடு தோண்டி வந்தால் கட்டை வேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப்போகும், விதைதான் நல்லது. காப்புக்காட்டில் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், அங்கே கூழாங்கல்கூட எடுக்க வேண்டாம்.

அதனால்தான் கலந்து வைக்கச் சொல்கிறேன். தூரத்துப் பார்வைக்கு ரெயின் லில்லியும் பத்துமணியும், உட்கார்ந்து பார்க்கும் முன் ஓரத்துக்கு விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்த்தாமரையும். பத்துமணி மட்டும் நாட்டுச் செடிமேல் ஏறாமல் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

மொட்டை மாடி என்றால்

கல் பாத்தியை மாடியில் போடலாமா என்று கேட்டால், போடக் கூடாது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஒரு அடி ஆழத்துக்குக் கல்லும் ஈர மண்ணும் நிரப்பினால் 500 கிலோவைத் தாண்டும். மாடிக்காரர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் தொட்டிக்குப் போய்விடுங்கள். இங்கிலாந்தில் பழைய கல் தொட்டிகளில் ஆல்பைன் வளர்ப்பது ஒரு தனிக் கலை. நமக்குக் கிராமத்து வீடுகளில் மாட்டுக்குப் பயன்படாமல் கிடக்கும் கழனித்தொட்டி இருக்கிறது, உரல் இருக்கிறது. அடியில் இரண்டு துளை போட ஆள் பிடித்தால் போதும். கல் தொட்டி தரைக்கு, மாடிக்கு வேண்டாம். மாடியில் ஆழம் குறைந்த, அகலமான மண் சட்டிகளைச் கீழ்வீட்டுச் சுவருக்கு நேர்மேலே வரும் ஓரங்களில் வைத்து, அதே மண் கலவையில் ஆறங்குலம் நிரப்பினால் ரெயின் லில்லியும் பத்துமணியும் தாராளமாக வரும்.

வேலையைத் தொடங்கக் கத்திரி முடியட்டும். ஆனியில் கல் அடுக்கி, ஒரு மழை பார்த்து மண் இறங்கியதும் நிரவி, ஆடி, ஆவணியில் நட வேண்டும். ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். அடீனியத்தை மட்டும் அந்த வரிசையில் சேர்க்காமல் மழை முழுசாக விட்ட பிறகு, மாசியில் நடுங்கள்.